யாருக்கும் சொந்தமில்லாத புதன்கிழமை

ஒரு மனிதன் வாழ்நாளில் ஒரு தடவையாவது தன் மூளையைத் தானே மெச்சிக்கொள்ள வேண்டும். நான் அதை வாராவாரம் புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்குச் செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் காப்பீட்டு நிறுவனத்தில் புது ஏற்பாடு வந்தது. திங்கள், செவ்வாய், வியாழன் ஆபீஸ். புதனும் வெள்ளியும் வீட்டிலிருந்தே வேலை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்: "வியாழன் வரைக்கும் ஆபீஸ். வெள்ளி மட்டும் வீடு." அவ்வளவுதான். ஒரே ஒரு கிழமையை லேசாக நகர்த்தி வைத்தேன். புதன்கிழமை நான் வீட்டில் இருப்பதாக ஆபீஸ் நம்பியது. ஆபீஸில் இருப்பதாக வீடு நம்பியது. இரண்டு நம்பிக்கைக்கும் நடுவில் ஒரு சந்து. அதில் நான்.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். என் வெள்ளிக்கிழமைகளைப் பார்த்தால் நீங்களே என்னைப் பஸ் ஏற்றிவிடுவீர்கள். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்தால் போதும், குழாய்க்காரன் வருவான், கூரியர் வரும், கொடியில் துணி காயும், வானம் இருட்டும். பன்னிரண்டரைக்கு நர்சரியிலிருந்து என் நாலு வயது மகள் வந்து மடியில் ஏறி, திரையில் தெரியும் மேனேஜரிடம் "உங்களுக்கு ஏன் முடி இல்லை?" என்று கேட்பாள். எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஒரு வாக்கியம்: "நீங்க வீட்லதானே இருக்கீங்க?" பதில் சொன்னவன் பிழைத்ததில்லை.

ஆகவே புதன்கிழமைகளில் பொது நூலகத்தின் இரண்டாவது மாடி. அங்கே தூசிகூட மெதுவாகத்தான் இறங்கும். ஒரு மணிக்குள் அன்றைய வேலையை முடித்துவிடுவேன். பிறகு போனை அணைத்துவிட்டு, வெளியே மரம் தன் இலைகளை ஒவ்வொன்றாக மறந்துகொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நாலு மணி நேரம் யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட ஆளில்லாமல் சொந்தப் பெயரே மறந்துபோகிற சுகம் அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

மாட்டிக்கொள்ளும் பேச்சுக்கே இடமில்லை. பொய்யை மோப்பம் பிடிப்பதுதான் என் உத்தியோகம். "குளிச்சுக்கிட்டிருந்தப்போ வண்டி திருடு போச்சு" என்பவனிடம், போலீசுக்குப் போகும்போது தலை ஈரமாக இருந்ததா என்று கேட்கிற ஆள் நான்.

மனைவி சாயங்காலம் விசாரிப்பாள்.

"இன்னிக்கு ஆபீசுல என்ன விசேஷம்?"

"மேனேஜர் என்னை விடவே இல்லை. நீ இல்லேன்னா இந்த ஆபீசே நடக்காதுங்கறாரு."

"ஐயோ பாவம், இடுப்பு வலிக்குமே!"

"எனக்கு எதுக்கு வலிக்கணும்?"

"அது நடக்காதுன்னா நீங்கதானே இடுப்புல தூக்கி வச்சுக்கணும்?"

அவளைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். குழந்தை பிறப்பதற்கு முன் ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாள். சுவருக்குள் குழாய் எந்தப் பக்கம் வளைகிறது என்று வெளியே நின்றே சொல்லுவாள்.

ஏழாவது வாரம், திங்கட்கிழமை. மேனேஜர் கூப்பிட்டார். முகமெல்லாம் பல்.

"வாழ்த்துகள்! இன்னியிலேர்ந்து உங்களுக்கு அஞ்சு நாளும் வீடுதான்."

"சார்?"

"ஆள் நூறு, நாற்காலி அறுபது. யாரை வீட்டோட அனுப்பறதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன். போன புதன்கிழமை மத்தியானம் உங்க போன் கிடைக்கலை. அவசரத்துக்குன்னு குடுத்திருந்த நம்பர்ல உங்க வீட்டம்மாவைக் கூப்பிட்டேன். 'குனிஞ்ச தலை நிமிராம வேலை பாக்கறாரு சார், குழந்தை கூப்பிட்டாக்கூட திரும்பறதில்லை. அஞ்சு நாளும் வீட்டையே குடுத்தீங்கன்னா இன்னும் நல்லாப் பாப்பாரு'ன்னாங்க. எனக்குக் கண் கலங்கிடுச்சு."

எனக்கும் கலங்கியது. மறுக்கலாம்தான். மறுத்தால், அன்றைக்கு நான் வீட்டிலேயே இல்லை என்று ஆரம்பிக்க வேண்டும். திரும்பி வந்தபோது என் நாற்காலியில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்து உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் பறந்தேன்.

"மேனேஜர் போன் பண்ணதை ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நீங்க ஆபீசுல அவர் பக்கத்துலதானே இருந்தீங்க? தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

லேப்டாப் பையை மெல்லக் கீழே வைத்தேன்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"முதல் புதன்கிழமையிலேர்ந்து. உங்க அடையாள அட்டை இல்லாம ஆபீசுல கழிப்பறைக் கதவுகூடத் திறக்காதுன்னு பெருமை அடிப்பீங்களே, அது புதன்கிழமையானா இங்க ஆணியில தொங்கும்."

நூலகத்துக்கு எதற்கு அட்டை என்று நான்தான் விட்டுவிட்டுப் போவேன். அநாவசியச் சுமை எனக்குப் பிடிக்காது.

"அப்பவே கேட்டிருக்கலாமே!"

"கேட்டா நிறுத்திடுவீங்க. நிறுத்திட்டா எனக்கு என்னங்க பிரயோஜனம்?"

ஒரு கடிதத்தை எடுத்து வைத்தாள். பழைய கட்டட நிறுவனம். அவளுக்கு வேலை.

"ரெண்டு வருஷமா கூப்பிடறாங்க. பன்னிரண்டரைக்கு நம்ம பொண்ணு வரும்போது வீட்ல ஒரு ஆள் இருக்கணும். அது ஒண்ணுதான் தடை."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"மூணு தடவை கேட்டேன். உங்க ஆபீஸ் ஒத்துக்காதுன்னீங்க. அதான், ஆபீசையே கேட்டுட்டேன்."

சொல்லும்போது சிரிக்கவில்லை. கடிதத்தின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். அந்த விரல்கள் பென்சில் பிடித்து நாலு வருஷம் ஆகிறது. அதைப் பார்த்த பிறகு என்னால் சண்டை போட முடியவில்லை.

கடிதத்தைப் படித்தேன். அங்கேயும் இதே ஏற்பாடுதான். நாலு நாள் ஆபீஸ், புதன்கிழமை வீட்டிலிருந்து வேலை. என் மூளை சட்டென்று எழுந்து உட்கார்ந்தது. புதன்கிழமை அவள் வீட்டில் இருப்பாள்! குழந்தையை அவள் பார்த்துக்கொள்வாள். நூலகத்துக்கு நழுவ எனக்கு ஒரு காரணம் கிடைக்காமலா போகும்? அடுத்த திங்கட்கிழமை அவள் வேலையில் சேர்ந்தாள். இரண்டு நாள் சமைத்தேன், துணி மடித்தேன், மகளுக்குப் பின்னல் போட்டேன். எல்லாம் புதன்கிழமையை நம்பித்தான்.

புதன்கிழமை காலை எட்டரை. மகளை நர்சரியில் விட்டுவிட்டு வந்தேன். மனைவி தலை வாரி, பையை மாட்டிக்கொண்டு வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்டே? இன்னிக்கு உனக்கு வீட்லேர்ந்துதானே வேலை?"

"ஆமாங்க," என்றாள். "ஆபீசுல அப்படித்தான் சொல்லியிருக்கேன்."