கன்னத்தில் மட்டும் காய்ச்சல்

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல் வருவதென்று சனிக்கிழமையே முடிவு செய்துவிட்டேன்.

காரணம் ஒரு துப்பறியும் நாவல். ஏற்காட்டு நூலகத்தில் மூன்று மாதம் காத்திருந்து கைக்கு வந்தது. திங்கட்கிழமை திருப்பித் தர வேண்டும். மறுபடி என் முறை வருவதற்குள் எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துவிடும். ஜமீன்தாருக்கு விஷம் வைத்தது யார் என்று தெரிய இன்னும் நாற்பது பக்கம் பாக்கி. சமையல்காரன்தான் என்பது என் துணிபு. அவன் தலை காட்டும் இடமெல்லாம் பென்சிலால் கோடு போட்டிருந்தேன். நூலகப் புத்தகத்தில் கோடு போடுவது குற்றம்தான். ஆகவே லேசாகப் போட்டேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் செம்மநத்தத்தில் என் மனைவி அம்மணியின் அண்ணன் சின்னையன் மகளுக்குக் காதுகுத்து. காலையிலேயே ஜீப். அந்த வீட்டில் எவனாவது புத்தகத்தைப் பிரித்தால், பாவம் தனியாக இருக்கிறானே என்று நாலு பேர் பேச வந்துவிடுவார்கள்.

காய்ச்சலுக்கு வேண்டிய சிவப்பு அலமாரியிலேயே இருந்தது. பக்கத்து வீட்டு மைமூனின் ஃபேன்சி கடையில் அம்மணி வாங்கிய, கன்னத்தில் பூசும் ரூஜ் டப்பி. செம்பருத்தி நிறம். ஒரு சிட்டிகையில் எஸ்டேட் கேட்டுக்கே பெயின்ட் அடிக்கலாம். போன மாதம் அவள் அதைப் பூசிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்கு வந்தாள். சின்னையன் என்னைத் தனியே கூப்பிட்டு, "மாப்ள, எதுனாலும் பேசித் தீத்துக்கலாமுங்க. கை மட்டும் நீட்டாதீங்க" என்றார்.

அவள் குளிக்கப் போனதும் டப்பியைத் திறந்தேன். முதல் முயற்சியில் கண்ணாடியில் கூத்து ராஜா தெரிந்தார். தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தேன். நான் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். எதையும் புத்தகம் பார்த்துச் செய்கிறவன். வீட்டு வைத்திய நூலைப் புரட்டினேன். 'காய்ச்சலில் கன்னத்து மேட்டில் சிவப்பு தோன்றி, எல்லை தெரியாமல் மங்கும்.' எல்லை தெரியாமல்! பஞ்சில் தொட்டு, புறங்கையில் ஒற்றி, புறங்கை குடித்தது போக மிச்சத்தைக் கன்ன மேட்டில் தட்டினேன். நெற்றிப்பொட்டுப் பக்கமாக மேலே இழைத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் சரிபார்த்தேன். இன்னும் ஒரே ஒரு தட்டு. குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. கம்பளிக்குள் புகுந்து முனகினேன்.

"ஏனுங்க, ஜீப்பு வர்ற நேரத்துல என்னங்க படுக்கை?"

"காய்ச்சல், அம்மணி. மூஞ்சியப் பாரு."

நெற்றியில் கை வைத்தாள். "ஜில்லுனு இருக்குதுங்களே?"

"உள்காய்ச்சல். நெத்திக்கு வர நேரமாகும்."

"கன்னத்துக்கு மட்டும் மொதல்லயே வந்துருச்சுங்களா?"

திரைச்சீலையை விலக்கினாள். என் முகத்தை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள்: "மைமூனு, ஒரு நிமிசம் வந்துட்டுப் போ!"

மைமூன் வந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணனுக்கு என்னக்கா? புது மாப்பிள்ளை கணக்கா இருக்காங்க!"

"காய்ச்சலாமா."

"இந்தக் காய்ச்சல் எங்க கடையில டப்பியில கெடைக்குதுக்கா."

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திட்டு வரவில்லை. கட்டில் லேசாக அமுங்கியது. திறந்து பார்த்தால், அம்மணி டப்பியோடு உட்கார்ந்து கன்னத்தை என் பக்கம் திருப்பியிருக்கிறாள்.

"எனக்கும் அந்தக் காய்ச்சலக் கொஞ்சம் போட்டு உடுங்க."

"எனக்கு உடம்பு…"

"நானும் பூசிப் பூசிப் பாக்கறனுங்க, அறை வாங்குனாப்லயே வருது. உங்களுக்குக் கை நொம்ப நல்லா வருது. போடுங்க, அப்பறம் படுத்துக்கலாம்."

நம்பினேன். போட்டேன். அம்மணி வெட்கப்பட்டது போல இருந்தது. கல்யாண நாளில்கூட நான் காணாத காட்சி. நான் அசந்திருந்த நேரத்தில் ஜீப் ஹார்ன் அடித்தது. என் சட்டைக்குப் பித்தான் போட்டுவிட்டாள். நாவலைப் பைக்குள் திணித்துக்கொண்டேன். ஒரு மூலை கிடைக்காதா என்ற நப்பாசை.

செம்மநத்தத்தில் இறங்கியதும் அம்மணியின் கன்னத்தைப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"யாருக்கா போட்டு உட்டது?" என்றாள் அவள் தங்கை ஆராயி.

"உங்க மாமாதான். கைவசம் டப்பியும் வெச்சிருக்கறாரு."

டப்பி என் பையில் எப்போது ஏறியது என்று எனக்குத் தெரியாது. உள்ளறையில் பாய் விரித்து என்னை உட்கார வைத்தார்கள்.

"மாமா, எனக்குங் காய்ச்சலுங்க."

"இந்தப் பக்கம் கொறச்சலா இருக்குதுங்க மாமா."

பெரியம்மா குப்பாயி பல்லில்லாத கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்தார். "எனக்குக் கொஞ்சம் தூக்கலாப் போடு சாமி." காது குத்திய குழந்தைக்கு மட்டும் வேலை மிச்சம், அழுததிலேயே சிவந்திருந்தது.

நிலைப்படி வழியாகப் பார்த்தேன். அம்மணி சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, விரலை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தாள். என் நாவல்! துள்ளி எழுந்தேன்.

"அசையாதீங்க மாமா, இந்தக் கன்னம் பாக்கி" என்று ஆராயி கையைப் பிடித்து இழுத்தாள்.

சாயங்காலப் பனியில் ஜீப் திரும்பியது. விரலெல்லாம் செம்பருத்தி. போகட்டும், பொறுமையில்லாதவள், கடைசி வரை படித்திருக்க மாட்டாள். ராத்திரி முழுக்க என்னுடையது. பைக்குள் கைவிட்டுப் புத்தகத்தைத் தடவிக்கொண்டேன். அம்மணி என் காதருகே குனிந்தாள்.

"ஏனுங்க, அந்தச் சமையக்காரன் பாவமுங்க, அந்தப் பென்சில் கோடெல்லாம் ரப்பர் வெச்சு அழிச்சுருங்க. வெசம் வெச்சது ஜமீன்தார் பொண்டாட்டிங்க."