நாற்பத்திரண்டாம் படத்தில் இருந்தபடி

ஊர்காவற்றுறை,
மார்கழி 2.

ரொறன்ரோ மாநகரில் பனியோடு போர் புரிந்துவரும் வீட்டுச் சொந்தக்காரரும் என் அக்காவின் மூத்த புத்திரனுமாகிய மருமகன் றொபேட்டுக்கு, உமது வீட்டில் ஐந்து வருடமாக வாடகைக்கு இருக்கும் மாமா அம்புறோஸ் பணிவுடன் எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நல்ல சுகம். உமது சுகத்துக்காக மாமி அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறா. காற்றுக்கு அணையாமல் நான் கை பிடிக்கிறேன்.

இம்மாத முடிவில் நாங்கள் மண்டைதீவுக்கு, மகள் றஞ்சனி வீட்டோடு போகிறோம் என்று ஒப்பந்தப்படி மூன்று மாதத்துக்கு முன்பே உமக்கு அறிவித்தேன். நீர் அனுப்பிய பதிலை ஏழு தரம் வாசித்தனான். "மாமா, ஒப்பந்தத்திலை கடைசி வரியைப் பாருங்கோ. வீட்டை வாங்கினபடியே தர வேணும். நான் வெளிக்கிட்ட அண்டு எடுத்த நாற்பத்திரண்டு படத்தோடையும் ஒத்துப்பாத்துத்தான் எஞ்சினை விடச் சொல்லுவன்." முற்பணத்துக்குப் பதிலாக நான் பிணை வைத்த பதினைந்து குதிரை வலு வள்ள எஞ்சின், உமது பிரதிநிதி மரியநாயகத்தாரின் குசினியில் சாக்கு மூடிக் கிடக்கிறது. அப்போது நான் கடலை விட்டு ஓய்ந்திருந்தேன். இப்போது றஞ்சனியின் புருஷன் ஷாருஜனின் வள்ளம் எஞ்சின் இல்லாமல் கரையில் குந்தியிருக்கிறது; மற்றவர்களின் வலையில் இறால் படத் தொடங்கிவிட்டது.

நானும் எழுதின எழுத்துக்குக் கட்டுப்பட்டவன். ஆகவே படங்களை மேசையில் பரப்பி வேலையைத் தொடங்கினேன். மூன்றாம் படத்தில் கிணறு முழுக்கப் பாசி, பக்கத்தில் அடியில்லாத வாளி. நான் மூன்று தரம் இறைத்துத் துப்புரவாக்கின கிணற்றில் இப்போது தேவதூதர் வரிசையில் நின்று தண்ணி அள்ளுகிறார்கள். அவர்களைக் கலைத்துவிட்டுப் பாசி அள்ளிப் போட்டு, புது வாளியின் அடியையும் வெட்டி எடுத்தேன். ஒன்பதாம் படத்தில் கூரையில் மூன்று ஓடு இல்லை. நான் போட்ட மூன்றையும் கழற்றினேன். அன்று பின்னேரம் பெய்த மழையில் கட்டில் மாமியோடு மிதந்து குசினி வாசல்வரை வந்துவிட்டது. "என்னப்பா உது?" எண்டு அவ கட்டிலிலை இருந்தபடியே கேட்டா. "ஒன்பதாம் படம்" எண்டன். "அப்ப அந்தத் தேத்தண்ணிக் கேத்தலை எட்டித் தாங்கோ" எண்டிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திட்டா. பதினாலாம் படத்தில் விறாந்தையில் ஒற்றைக்கொம்பு ஆடு ஒன்று நிற்கிறது. அது பக்கத்து வளவு ஜசிந்தாவின் கிடாய், நாலு நத்தார்ப் பண்டிகைக்கு முந்தியே கறியாகிவிட்டது. நானும் ஒரு பங்கு சாப்பிட்டனான், அதைத் தடுக்கிற வரி ஒப்பந்தத்தில் இல்லை. அவவிடம் போனேன்.

"அதின்ர பேரன் நிக்குது அண்ணை. ஆனா ரெண்டு கொம்பு."

"ஒண்டைக் கழற்றித் தர ஏலாதோ?"

"ஓம், தரலாம். முதல் உங்கட காதிலை ஒண்டைக் கழற்றிக்கொண்டு வாங்கோ."

ஆகையால் ஒரு கொம்பைத் துணியால் மூடி விறாந்தையில் நிறுத்தினேன். இப்போது அது இறங்க மறுக்கிறது. அதுக்கும் மூன்று மாத அறிவித்தல் கொடுக்க வேணுமோ என்பதை நீர் தெரியப்படுத்தும். இருபத்தேழாம் படத்தில் யன்னல் கண்ணாடி உடைந்திருக்கிறது, நான் புதுசு போட்டனான். ஆகவே கல்லெடுத்து எறிந்தேன். அறுபத்தெட்டு வயதுக் கை அல்லவா, பக்கத்து யன்னலில் பட்டது. அது இருபத்தெட்டாம் படம். அதிலே கண்ணாடி முழுசாக இருக்கிறது.

இவை எல்லாம் ஒருவாறு சமாளிக்கக்கூடியவை. என்னைத் தோற்கடித்தது நாற்பத்திரண்டாவது. அதை எடுத்தது நான்தான். வாசல் படியில் நீர் நிற்கிறீர், காலடியில் பெட்டி, கையில் மாமி பனங்கிழங்கு இடித்துக் கட்டித் தந்த ஒடியல்மாப் பொட்டலம், கண் ரெண்டும் சிவப்பு. "தூசு விழுந்திட்டுது மாமா" எண்டீர். அண்டைக்குக் காற்றே இல்லை. வீடு வாங்கினபடியே வேணுமெண்டால் அந்தப் படியில் நீர் நிற்க வேண்டும். ஆட்டுக்கு அதின் பேரன் கிடைத்தது. உமக்குப் பதில் நிறுத்த இந்தத் தீவில் ஆளில்லை. ஆகவே நேரில் வந்து, நின்று, ஒத்துப்பார்த்து, எஞ்சினையும் உமது கையாலேயே விடுவித்துத் தாரும்.

உமது காலுக்குக் கீழே பனியும் தலைக்கு மேலே கூரையும் உறுதியாய் இருக்க மன்றாடும்,
மாமா அம்புறோஸ்.

பி.கு: மாமி இதை வாசித்துவிட்டு, "உதை அனுப்பினா அந்தப் பெடி மெய்யெண்டு நம்பிப்போடும்" என்கிறா. ஆகவே எழுதுகிறேன்: ஏணியில் இரண்டாம் படிக்கு மேல் ஏற அவ விடவில்லை. ஓடு மூன்றும் கூரையில், ஆடு ஜசிந்தா வளவில், கிணறு தெளிவாக இருக்கிறது. இன்று காலை மரியநாயகத்தார் வந்தார். சாக்கைத் தூக்கிப் பார்த்தால், எஞ்சினோடு ஒட்டிக் கோழி அடை கிடக்குதாம், எஞ்சின் முழுக்கத் துருவாம். "அண்ணை, வாங்கினபடி தர ஏலாமல் கிடக்கு. குஞ்சு பொரிச்ச கையோடை துருவைத் தட்டித் திருத்தி, நானே மண்டைதீவிலை கொண்டுவந்து இறக்கிறன். றொபேட்டுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ" எண்டார். சொல்லமாட்டன் எண்டு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே எஞ்சினுக்காக நீர் வரத் தேவையில்லை. இருபத்தெட்டாம் படத்து யன்னல் மட்டும் மெய்யாகவே உடைந்தது. நாற்பத்திரண்டாம் படமும் மெய். வாரும், இந்த முறை பெட்டியை உள்ளே தூக்கிக்கொண்டு போவம்.