கல்பூதம் ஒன்பதாம் பாகம்

கட்டிலுக்கு அடியில் இடமில்லை. அலமாரி போன மாதமே நிரம்பிவிட்டது. ‘கல்பூதம்’ வீடியோ கேமின் ஒன்பதாம் பாகம், நாற்பது டப்பாக்கள், இரண்டு பைகளில். அவற்றைத் தூக்கிக்கொண்டு டிசைனர் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் அலைந்தார்.

"குளியலறையில வெச்சுடட்டுமா?"

"அப்புறம் நாம எங்க குளிக்கிறது?" என்றாள் மனைவி. "நீங்க செஞ்ச கேமை நீங்களே வாங்குற கூத்தை இத்தோட நிறுத்துங்க!"

நிறுத்தினால் வேலை போய்விடுமே! முதல் மூன்று பாகங்கள் மூன்று வருஷத்துக்கு ஒன்றாக வந்து சக்கைப்போடு போட்டன. பிறகு வருஷம் தவறாமல் ஒன்று வர, ஜனங்களுக்குச் சலித்துவிட்டது. பணம் போட்ட பங்குதாரரோ ஊர்ச் சந்தையில் இருக்கும் ஒரே ஒரு கடையின் விற்பனையை மட்டும் பார்த்து நாடி பிடிக்கிறவர். அங்கே விற்காவிட்டால் கம்பெனியை இழுத்து மூடிவிடுவார் என்று முதலாளி கையைப் பிசைந்தார்.

அன்றைக்குத்தான் டிசைனர் நல்ல பிள்ளையாக அந்தக் கடைக்குப் போய் ஆறாம் பாகத்தில் பத்து டப்பா வாங்கினார். பங்குதாரருக்குக் குஷி. "ஆறு மாசத்துக்கு ஒண்ணு விடுங்க!"

ஏழாம் பாகத்துக்கு இருபது வாங்கினார். "மூணு மாசத்துக்கு ஒண்ணு!"

எட்டுக்கு நாற்பது. "மாசம் ஒண்ணு!"

ஒரு மாதத்துக்குள் என்ன செய்ய முடியும்? பூதத்துக்கு மீசை வைத்து ஒன்பதாம் பாகம் என்று அனுப்பினார்கள். ஒரு மாதமாக டிசைனருக்குத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சம்பளமும் டப்பாக்களாக வீடு வந்து சேர்ந்தது.

"பத்தாம் பாகத்துக்கு மீசையை எடுத்துடலாமா?" என்று அன்று காலை முதலாளி கேட்டபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

பைகளைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினார். கல்லாவில் இருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்தாங்க, எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்குங்க. இனிமே ஒண்ணுகூட வாங்க மாட்டேன்."

"உங்க கம்பெனிக்குக் கஷ்டமாச்சே சார்?"

"போனாப் போகட்டும். இந்தப் பாகம் மொத்தம் எத்தனை போச்சு?"

அந்த அம்மாள் நோட்டைப் புரட்டினாள். "நூறு."

டிசைனருக்கு உயிரே திரும்பி வந்தது. நான்கு வருஷமாகக் கேட்க ஏங்கிய சேதி! கண்கள் கலங்கின.

"பார்த்தீங்களா! என் நாப்பது போனாலும் அறுபது இருக்கு. மீசை வெச்ச பூதத்தைக்கூட விடாம வாங்குற அறுபது பேரு! அவங்களுக்காக இனிமே நிதானமா, நல்லதா ஒண்ணு செய்வேன்."

அந்த அம்மாள் நோட்டை மூடினாள்.

"அறுபது பேர் இல்ல சார், ஒருத்தர்தான். உங்க முதலாளி."