அம்மா சோற்றில் குறைந்தது

மூன்று காய்களையும் பொடித்துச் சோற்றுப் பானையில் போட்டு, மூடியை மூடி, கையையும் துடைத்துக்கொண்ட பிறகுதான், எவ்வளவு போட வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்கவே இல்லையே என்பது சுருதிக்காரருக்கு உறைத்தது.

சுருதிக்காரர் என்பது தெரு வைத்த பேர். மனிதருக்குத் தொழில் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது. வீடு வீடாகப் போய், மூடியைத் திறந்து, உள்ளே இருக்கிற இருநூற்றுச் சொச்சம் கம்பிகளையும் ஒவ்வொன்றாக முறுக்கி, காதை வைத்துக் கேட்டு, தலையாட்டிவிட்டு வருவார். தங்கமான மனிதர். சும்மா இருக்கத் தெரியாது, அது ஒன்றுதான்.

காலையில் ரயில் நிலையத்துக்குக் கிளம்பும்போது அவர் மனைவி சொல்லிவிட்டுத்தான் போனாள். "அடுப்ப மட்டும் பாத்துக்குங்க." வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். "பாத்துக்குங்கன்னா, பாத்தா போதும். கை வைக்க வேணாம்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளைன்னா சொன்னா கேக்கும்."

செருப்பை மாட்டியவள் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "இன்னிக்கும் சோறு சரியா வரலன்னா எனக்கு அண்ணன் இல்லன்னு ஆயிடும். அவ்வளவுதான்."

விஷயம் இதுதான். அவள் அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு சோறு செய்வாள். வெங்காயத்தை ஒரு மணி நேரம் சிவக்க வதக்கி, கேரட் துருவிப் போட்டு, மிளகும் உலர்ந்த திராட்சையும் சேர்த்து, வெண்ணெயில் புரட்டிய அரிசியை அதிலே வேகவைப்பது. வீட்டில் அதற்கு 'அம்மா சோறு' என்றே பேர். அம்மா எதையும் எழுதிவைக்காமல் போய்ச்சேர்ந்துவிட்டாள். மகளுக்கு ஒரு ஞாபகம், மகனுக்கு வேறொரு ஞாபகம்.

மகன் சாதாரண ஆள் இல்லை. தேயிலைக் கம்பெனியில் ருசி பார்ப்பவர். ஒரு கரண்டித் தேநீரை உறிஞ்சிவிட்டு, இலை பறித்த அன்று மழை பெய்ததா இல்லையா என்று சொல்வார். அந்த நாக்கோடு ஆறு வருஷத்துக்கு முன்னால் தங்கை வீட்டுக்கு வந்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஏதோ ஒண்ணு குறையுது. இது அம்மா சோறு இல்ல."

"அப்போ இது உங்க தங்கச்சி வீடும் இல்ல," என்றாள் தங்கை.

அதோடு சரி. ஆறு வருஷம் ஒரு பேச்சு கிடையாது. போன வாரம் திடீரென்று தொலைபேசி அடித்தது. "ஞாயித்துக்கிழமை வரோம். அம்மா சோறு பண்ணு," என்று அண்ணன் குரல் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. கண்ணயர்ந்தாலும், "வெங்காயம் பத்தலயோ," என்று முனகுவாள். சுருதிக்காரருக்கு மனசு கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் மசாலாக் கடைக்குப் போனார்.

கடைக்காரர் மூட்டைகளுக்கு நடுவில் அரைத் தூக்கத்தில் இருந்தார்.

"ஒரு சோத்துல ஏதோ ஒண்ணு குறையுதுங்க."

"என்ன குறையுது?"

"அது தெரிஞ்சா நான் ஏன் வரேன்?"

கடைக்காரருக்கு அது நியாயமாகப் பட்டது. எழுந்து உள்ளே போய், கறுத்துச் சுருங்கிய மூன்று காய்களைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். "இது எல்லாத்துலயும் குறையுறதுதான். யாருமே போடுறதில்ல."

"பேரு என்ன?"

"கப்பல்ல வந்துது. பேரு சொன்னாங்க, மறந்துட்டேன்."

அந்தக் காய்தான் இப்போது பானைக்குள். மூடியின் ஓரத்திலிருந்து வாசனை மெல்லக் கிளம்பியது. மழை விட்ட தெருவில் யாரோ பழுத்த பழத்தை வெட்டி வைத்த மாதிரி ஒரு வாசனை. சமையலறை ஜன்னலில் விழுந்த வெயில்கூடக் கொஞ்சம் மெதுவாக விழுவது போலிருந்தது. சுருதிக்காரர் கரண்டியோடு நின்றபடியே, கல்யாணமான புதிதில் மனைவி மஞ்சள் குடையோடு ஒரு பாலத்தைக் கடந்து வருவதைப் பார்த்தார். குடை கிட்டே வந்தது, இன்னும் கிட்டே வந்தது. கரண்டி காலில் விழுந்தது. கடிகாரத்தில் இருபது நிமிஷம் போயிருந்தது.

அவசரமாக மூடியைத் திறந்து ஒரு பருக்கையை வாயில் போட்டார். சோப்பைக் கடித்த மாதிரி இருந்தது. நாக்கின் நுனி மரத்துப்போனது.

வேறு யாராவது என்றால் பயந்துபோய் அதோடு விட்டிருப்பார்கள். இவர் தொழில்காரர். பழைய பியானோவில் ஒரு கம்பி சுருதி ஏறி நின்றால் அதை இறக்க மாட்டார். அறுந்துவிடும் என்று பயம். சுற்றியிருக்கிற கம்பிகளை எல்லாம் அதன் உயரத்துக்கு ஏற்றிவிடுவார். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான், ஒரு புகாரும் வந்ததில்லை. சோற்றுக்கும் அதே வைத்தியத்தை ஆரம்பித்தார்.

முதலில் உப்பை ஏற்றினார். உப்புக்குச் சமமாக மிளகை ஏற்றினார். மிளகு காதை அடைத்ததால் எலுமிச்சம்பழம் நாலு பிழிந்தார். புளிப்புப் பட்டதும் சோறு ஊதா நிறமானது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். ஊதாதான். சர்க்கரையைக் கொட்டினார், நிறம் போகவில்லை. பாலை ஊற்றினால் வெளுக்கும் என்று அரை லிட்டர் ஊற்றினார். பொழுது விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் வானம் இருக்குமே, அந்த நிறத்துக்கு வந்து நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. சோறு அப்படி இருக்கக் கூடாது, அதுதான் சங்கடம்.

பொட்டலத்தில் கடையின் எண் அச்சிட்டிருந்தது. கூப்பிட்டார்.

"முழுசாத்தானே போட்டீங்க? நூல் கட்டி, ஒரு நிமிஷம் முக்கிட்டு எடுத்துடணும்," என்றார் கடைக்காரர்.

"பொடிச்சுப் போட்டுட்டேன்."

"ஒரு காயையா?"

"மூணையும்."

"வீட்ல எத்தனை பேருங்க?"

"சாப்பிட நாலு பேரு."

"அது நானூறு பேருக்கு வரும்."

"உடம்புக்கு ஏதாவது ஆகுமா?"

"தூக்கம் வரும். வேற ஒண்ணும் ஆகாது. ஜன்னல எல்லாம் திறந்து வைங்க."

ஜன்னலை எல்லாம் திறந்தார். வீட்டுக்குள் இருந்த வாசனை கட்டடம் முழுக்கப் போனது.

முதலில் மாடி வீட்டு நர்ஸ் வந்தாள். ராத்திரி வேலை முடிந்து பகலில் தூங்குகிறவள். தலையணையைக் கையில் பிடித்திருந்தாள். "நல்லாத் தூங்கிட்டிருந்தேங்க. கனவுல எங்க பள்ளிக்கூடத்து மரம் பூத்துது. கிட்ட போய்ப் பாக்கலாம்னு நடந்தேன். முழிச்சா உங்க வீட்டு வாசல்ல நிக்கிறேன்."

"ஒண்ணும் இல்லம்மா, சோறு. போய்ப் படுத்துக்க."

கீழ் வீட்டுத் தையல்காரர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். கையில் ஒரு கால்சட்டை. அதில் சட்டைக் கை ஒன்று சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது.

"எங்க அப்பா சைக்கிள் மணி கேட்டுச்சு, நிமிந்து பாத்தேன், அவ்வளவுதான். இது யாரு வேலை?"

"என் வேலைதான். மச்சான் வராரு."

"மச்சான் மேல அப்படி என்னங்க கோவம்?"

இரண்டு பேரையும் அனுப்பி வைத்துவிட்டு, பானையைக் கவிழ்த்துவிட்டு வேறு உலை வைக்கலாமா என்று நினைத்தார். அரிசி டப்பாவில் ஒரு கைப்பிடிதான் இருந்தது. அதையும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படியில் பேச்சுக் குரல் கேட்டது. சுருதிக்காரர் மூடியைப் பானைமேல் போட்டு அழுத்தினார்.

மச்சான்தான் முதலில் வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. படியெல்லாம் நிறைந்து நின்ற வாசனையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாக்கில் வைக்காமல் தொழில் தெரிந்தவர் வாயைத் திறக்க மாட்டார் என்று சுருதிக்காரர் நினைத்துக்கொண்டார்.

"என்ன மாப்பிள்ளை, சௌக்கியமா?"

"இருக்கேன் மச்சான். வாங்க. வாங்கக்கா."

பின்னால் வந்த மச்சானின் மனைவி சிரித்துவிட்டு, மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். கடைசியாக வந்த சுருதிக்காரரின் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். மூச்சை ஒருதரம் இழுத்தாள். நேரே சமையலறைக்குப் போனாள். பானையைத் திறந்தாள்.

"என்ன செஞ்சீங்க?"

"குறையுதுன்னாரே. கொஞ்சம் ஏத்தினேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாலு தட்டை எடுத்தாள். "வந்தவங்களப் பட்டினி போட முடியுமா. பரிமாறுறேன். எழுந்து போனா போகட்டும்." அவள் துடைத்த தட்டையே மறுபடி துடைப்பதைப் பார்த்துச் சுருதிக்காரருக்குத் தன்னையே பிடிக்காமல் போனது.

மேஜையில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். தட்டில் ஊதாச் சோறு. வெயில் மெதுவாக நகர்ந்தது. மச்சான் கரண்டியில் கொஞ்சம் எடுத்தார். ஆபீசில் தேநீரை உறிஞ்சுவது போலவே சுர்ரென்று உள்ளே இழுத்தார். இடது கன்னத்துக்கு ஒதுக்கினார், வலது கன்னத்துக்கு ஒதுக்கினார். கண்ணை மூடினார். தங்கை மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

மச்சான் விழுங்கிவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"இதுதாம்மா. அன்னிக்கு இதுதான் குறைஞ்சுது. இன்னிக்கு இருக்கு."

தங்கைக்குப் புரியவில்லை. "எது?"

"எதுன்னு எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா இதுதான் அம்மா சோறு. இன்னும் கொஞ்சம் போடு."

அவள் அழுத அழுகை ஆறு வருஷத்து அழுகை. அழுதுகொண்டே பரிமாறினாள். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். தானும் ஒரு வாய் சாப்பிட்ட தங்கை, "அண்ணா, எனக்கு நாக்கே மரத்துப் போச்சு," என்றாள் சிரித்துக்கொண்டே. "உனக்கு எப்பவுமே ருசி பத்தாது," என்றார் அவர். பழைய சண்டை மாதிரியேதான் இருந்தது, ஆனால் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பிறகு காய் தன் வேலையைக் காட்டியது. மச்சான் சாய்வு நாற்காலியில் சாய்ந்தார். தங்கை பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் தலையைச் சாய்த்தாள். அம்மாவுக்கு எந்தக் கன்னத்தில் மச்சம் என்று இருவரும் முணுமுணுத்துக்கொண்டே தூங்கிப்போனார்கள். அவளுக்கு இந்த ஒரு வாரத்தில் அதுதான் முதல் தூக்கம். திறந்த ஜன்னல் வழியே திரைச்சீலை உள்ளே வந்து வந்து போனது.

சுருதிக்காரருக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. பெருமை விட்டால்தானே. சமையலறையில் மச்சானின் மனைவி தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் தட்டில் இரண்டு வாய்க்கு மேல் குறைந்திருக்கவில்லை. அதை அவர் கவனிக்கிற நிலையில் இல்லை.

"பாத்தீங்களாக்கா? அறுபது வருஷத்து நாக்கு. ஒரே வாயில கண்டுபிடிச்சுட்டாரு. நானே சொல்லிக்கக் கூடாது, அந்தக் காயைத் தேடிப் புடிச்சதும் நான்தான், அளவு போட்டதும் நான்தான். ருசின்னா அது அவருக்குத்தான் தெரியும்."

அவள் குழாயை மூடினாள். கூடத்தில் தூங்குகிற இரண்டு பேரையும் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"காய்ச்சல்ல அவருக்கு ருசியும் வாசனையும் போயி மூணு வருஷம் ஆச்சு தம்பி, ரயில் ஏறினதுலேருந்து, 'அன்னிக்கு இதுதான் குறைஞ்சுது, இன்னிக்கு இருக்கு'ன்னு அதையேதான் மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்தாரு."