ரவாங் காட்டில் ஒரு மெரந்தி மரம்

பிரிக்பீல்ட்ஸ்,
12.8.1993, வியாழன்

மதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு மருமகள் சீதாலெட்சுமி பணிவோடு எழுதிக்கொள்வது. நீங்கள் கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாயின் தயவில் இங்கே மூவரும் சுகம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் மாமாவின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். பதில் போடத் தாமதமானதற்கு மன்னிக்கவும். பிள்ளை தூங்கினால்தான் பேனாவைத் தொட முடிகிறது.

நேற்று அங்கே பந்திங்குக்கு வந்த உங்கள் மகன், "சீதா காட்டுல இல்லாத மரத்த நட்டு மாட்டிக்கிட்டா" என்று சொன்னாராம். அதைக் கேட்டு நீங்கள் பேத்திக்குத் தொட்டில் கட்ட உத்தரத்தில் கொக்கியே மாட்டிவிட்டதாகக் கேள்வி. அவசரப்படாதீங்க அத்தை. ஆறு மாதத்தில் வேலை நிரந்தரமாகாவிட்டால் அதை விட்டுவிட்டுப் பிள்ளையோடு பந்திங் வந்துவிடுகிறேன் என்று நான் கொடுத்த வாக்கை மறக்கவில்லை. அந்த ஆறு மாதம் நாளையோடு முடிகிறது. அதற்குள் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில், என் வேலை நீங்கள் எல்லாரிடமும் சொல்வதுபோல் டைப் அடிப்பது இல்லை. காட்டுக்குள் போய் வந்தவர்கள் காகிதத்தில் வரைந்த வரைபடத்தை ஒரு பெரிய பலகையில் விரித்து ஒட்டி, கையளவு கருவி ஒன்றை அதன்மேல் நகர்த்தி நகர்த்தி அழுத்தினால், ஓடை, மேடு, மரம் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் "வெட்டக்கூடாத மரமெல்லாம் எங்கே?" என்று கேட்டால் திரையில் காட்டும். விதை விழுந்து காடு திரும்ப முளைக்கட்டும் என்று விட்டுவைக்கிற பெரிய மரங்கள் அவை. காகிதத்தில் அவற்றுக்கு அடையாளம் ஒரு சிவப்புப் புள்ளி. என் மானம் போனது அந்தப் புள்ளியில்தான்.

போன வாரம் குட்டி தர்ஷிணிக்குப் பல் முளைக்கிற காய்ச்சல். அவளைப் பார்த்துக்கொள்ளும் இராஜம்மா அக்கா, "காய்ச்சப் பிள்ளைய நான் வச்சிக்க மாட்டேம்மா, ஏதாச்சும் ஆனா எனக்குத்தான் கெட்ட பேரு" என்று கதவைச் சாத்திவிட்டார். வேறு வழி? இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆபீஸ் போனேன். முதலாளி சிவகுருநாதன் அங்கிள் யாழ்ப்பாணத்துக்காரர், காட்டிலாகாவில் பெரிய உத்தியோகம் பார்த்து ரிட்டையர் ஆனவர். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "பிள்ளையும் ஸ்டாஃபோ?" என்று மட்டும் கேட்டார்.

அவளை மடியில் வைத்துக்கொண்டே ரவாங் காடு முழுவதையும் ஏற்றி முடித்தேன். முடித்துப் பார்த்தால் மரப் பட்டியலில் இருப்பதைவிட வரைபடத்தில் ஒரு புள்ளி அதிகம்! காட்டை அளந்து வந்த பாலனைக் கூப்பிட்டு, "பாலன், இந்த மரத்துக்குப் பேரே எழுதலையே?" என்றேன். தெரியாது என்று சொல்ல அவனுக்குக் கௌரவம் இடம் கொடுக்குமா? "ஓ, அதுவா சிஸ்டர்! மெரந்தி லா! எழுத மறந்துட்டேன். அம்மாடி, என்னா சைஸு! மூணு பேரு கைகோத்தாலும் கட்ட முடியாது!"

"நிச்சயமாத் தெரியுமா?"

"என்னா சிஸ்டர், அதுக்குக் கீழ உக்காந்துதானே நான் நாசி லெமாக் சாப்பிட்டேன்!"

நாசி லெமாக்கே சாப்பிட்டுவிட்டான் என்றால் மரம் இருக்கத்தானே வேண்டும்? "மெரந்தி, மிகப் பெரியது" என்று நானும் அடித்துவிட்டேன்.

அந்தக் காடு ஒரு சீன முதலாளியுடையது. மரம் இறக்க அந்தத் தவுக்கே போடப்போகும் லோரிப் பாதை, திரையில் பார்த்தால், நேராக இந்த மெரந்தியின் வயிற்றில் புகுந்து போகிறது. அங்கிள், "மரத்தைத் தொடேலாது, பாதையை வளையுங்கோ" என்றார். தவுக்கே, முதலில் மரத்தைக் காட்டு என்றார். செவ்வாய்க்கிழமை எல்லாரும் போனோம். நானும்தான், உங்கள் மகன் கார் கழுவும்போது போடுகிற பூட்ஸை மாட்டிக்கொண்டு. ஓடையில் விழுந்து, அட்டைக் கடி வாங்கி, சொன்ன இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கே ஒரு மூங்கில் புதர், பக்கத்தில் ஒரு கறையான் புற்று. அவ்வளவுதான். தவுக்கே ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "மானா போக்கோக்? மரம் எங்க?" என்று மலாயில் பாதி, தமிழில் பாதி கேட்டார். பாலன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "போன மாசம் இங்கதான் இருந்துச்சி பாஸ்" என்றான், வீட்டைக் காலி பண்ணிப் போன ஆளைப் பற்றிச் சொல்வதுபோல். அங்கிள், "நடந்து போட்டுதோ?" என்று கேட்டார்.

ஆபீஸ் திரும்பியதும் அங்கிள் வரைபடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். அந்தப் புள்ளி மட்டும் கொஞ்சம் மேடாக இருந்தது. நகத்தால் சுரண்டினார். அவர் விரலிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அத்தை, அது என்னுடைய ஸ்டிக்கர் பொட்டு! என் நெற்றியில் இருப்பதைப் பிய்த்து, அகப்பட்ட இடத்தில் ஒட்டுவதுதான் உங்கள் பேத்திக்கு இப்போது விளையாட்டு. போன தடவை மாமாவின் வழுக்கையில் ஒட்டி, அவர் அதோடு கோயிலுக்கே போய்வந்தாரே!

"இந்த மெரந்தி ஆருடையது, பிள்ளை?" என்று அங்கிள் விரலை நீட்டினார். வேலை போச்சு, பந்திங் பஸ் ஏற வேண்டியதுதான் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. "என் தப்புதான் அங்கிள், பிள்ளையத் திட்டாதீங்க" என்றேன். அவர், "பிள்ளை தன்ர வேலையைச் சரியாத்தான் செய்திருக்கு" என்று சொல்லிவிட்டு, "பாலன், நீர் எந்த மரத்துக்குக் கீழ இருந்து சாப்பிட்டனீர்?" என்று திரும்பினார். "வேற மரமா இருக்கும் அங்கிள்" என்று ஸ்டோருக்குள் போனவன், தேத்தண்ணி நேரத்துக்குத்தான் தலையைக் காட்டினான். விஷயத்தைப் போனில் கேட்ட தவுக்கே சிரித்த சிரிப்பு எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

போகும்போது அங்கிள், "கணக்கு இடிக்குதெண்டு கேட்டவள் நீர் ஒருத்திதான். ஆனா பாலனிட்டைக் கேட்டதுதான் பிழை. வெள்ளிக்கிழமை பாப்பம்" என்றார். திட்டா பாராட்டா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பாராட்டு என்றே வைத்துக்கொள்கிறேன். இராஜம்மா அக்கா பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டார், இரண்டு பல்லும் வெளியே வந்துவிட்டது, வீட்டையும் ஆபீசையும் நான் ஒருத்தியே அழகாகச் சமாளிக்கிறேன். ஆகவே பேத்தியை அங்கே கூட்டிப்போகும் பேச்சும் வேண்டாம், இந்த முழங்காலோடு நீங்கள் இங்கே வரவும் வேண்டாம்.

மாமாவுக்கு என் வணக்கம். எங்கள் மூவரையும் வாழ்த்தி, முடிந்தால் திட்டாமல், ஒரு வரி எழுதவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்,
சீதாலெட்சுமி

பி.கு.: வெள்ளி மத்தியானம் எழுதுவது. வேலை நிரந்தரம் அத்தை! வேலைக் கடிதத்தைக் கையில் கொடுத்த அங்கிள், இனிமேல் நானே நேரில் மரத்தைப் பார்த்துத்தான் புள்ளி வைக்க வேண்டும் என்று, திங்கட்கிழமையிலிருந்து ஒரு மாதம் என்னைப் பகாங் காட்டுக்கு அனுப்புகிறார். மகள் பிரசவத்துக்கென்று இராஜம்மா அக்கா கிள்ளான் புறப்பட்டுவிட்டார். உங்கள் மகனுக்கு நாப்கினின் முன்பக்கம் எது என்று இன்றுவரை தெரியாது. எனவே மேலே "வேண்டாம்" என்று இருக்கிற இடத்திலெல்லாம் "வேண்டும்" என்று படித்துக்கொள்ளவும். இந்தக் கடிதம் உங்கள் கைக்குத் திங்கட்கிழமைதான் கிடைக்கும் என்று தபாலாபீசில் சொல்கிறார்கள். தயவுசெய்து இதைப் படித்தவுடனே கிளம்பி ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுங்கள்.