கொக்கிச் சாமியாரும் மஞ்சள் கயிறும்

மாங்காய் சீசன் வந்தால் புத்தூர்–திருப்பதி சாலையில் இரண்டு கூட்டம். ஒன்று ஏழுமலையானைப் பார்க்கப் போகிறது. இன்னொன்று திருச்சானூருக்கு இந்தப் பக்கம், புளியமரத்தடியில், கொக்கிச் சாமியாரைப் பார்க்கக் கிடையாய்க் கிடக்கிறது. வரிசையாகப் பிக்கப் வண்டிகள். ஒவ்வொன்றின் பின்னாலும் மாங்காய் ஏற்றிய டிரெய்லர்.

ஓடும்போது டிரெய்லர் இடமும் வலமும் ஆடுகிறதா? வால் தோஷம்! சாமியாரிடம் பரிகாரம் தயார். வண்டியோடு டிரெய்லரைப் பிணைக்கும் கொக்கியில் ஒரு செப்புத் தகடு. இரும்பு அம்மனின் சக்தியைத் தடுக்குமாம். அதனால் சேஃப்டி செயினைக் கழற்றிவிட்டு மந்திரித்த மஞ்சள் கயிறு. கொக்கி கழன்றால் டிரெய்லரை இழுத்துப் பிடிக்க இருப்பதே அந்த ஒரு செயின்தான். அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் பாதுகாப்பு வேண்டி விழுந்து கும்பிடுகிறார்கள். என்ன பக்தி, என்ன பக்தி!

காணிக்கையாகப் பணம் தொடமாட்டார். துறவி அல்லவா? டிரெய்லரின் பின்வரிசைப் பெட்டிகளை மட்டும் இறக்கிக்கொள்வார். பூஜைக்கு வால்பக்கம் காலியாக இருக்கவேண்டும் என்று மிச்சத்தையும் முன்னால் தள்ளச் சொல்வார். அப்புறம் வண்டியை எடுத்தால் ஆட்டம் நின்றிருக்கும். உடனே நூறு தொண்டையில் கோவிந்தா!

நகரியிலிருந்து பழனியும் வந்தான். கூடவே அவன் மனைவி கலைவாணி. லோடு ஏற்றுவது அவள் வேலை. ஏற்றிய பெட்டிகள் மேல் உட்கார்ந்து மாங்கூழ் ஃபேக்டரி வரை போவதும் அவளும் நான்கு கூலிப் பெண்களும்தான். பழனி செயினைக் கழற்றக் குனிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாய்யா பண்ற? கொக்கி கயண்டா பள்ளத்துல உருள்றது நாங்க."

"வாய மூடு கலை. ஊரே நம்புது."

"ஊரா டிரெய்லர் மேல குந்திக்கினு வருது?"

சாமியார் புன்னகைத்தார். "சந்தேகமா தாயே? வேணும்னா சோதிச்சுப் பாரு."

அவ்வளவுதான், முந்தானையைச் செருகினாள். பெட்டிகளை முன்னால் தள்ளி, தகடும் கயிறும் இல்லாமல், செயினோடு காலி சர்வீஸ் ரோட்டில் பழனியை ஓட்டச் சொன்னாள். ஆளில்லாத டிரெய்லர் நேராக வந்தது. பெட்டிகளை வாலுக்குத் தள்ளினாள். இந்த முறை தகட்டைச் சாமியாரே கட்டினார். கொஞ்சம் வேகம் எடுத்ததும் டிரெய்லர் சாமி வந்ததுபோல் ஆடியது.

"செயின் இருந்துச்சே! சக்தி எப்படி இறங்கும்?" என்றார் சாமியார்.

"நியாயம்தான்" என்று செயினைக் கழற்றினாள் கலைவாணி. "கயிற நீங்களே கட்டுங்க. பெட்டி வால்லயே இருக்கட்டும். மேல ஏறி ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க சாமி. எங்கள மட்டும் ஏத்தி அனுப்புறீங்களே!"

"எக்கண்டி சாமி, எக்கண்டி! ஏறிக் காட்டுங்க!" என்று கூட்டம் கூவியது. கிண்டல் இல்லை, சுத்தமான பக்தி. நாலு பேர் அலாக்காகத் தூக்கி உட்காரவைத்தே விட்டார்கள்.

பழனி சாவியைத் திருப்பினான். இஞ்சின் உறுமியதுதான் தாமதம், மேலிருந்து அலறினார் சாமியார்.

"நிறுத்துடா டேய்! வால்ல பாரத்த ஏத்தினா ஆடாம இன்னா பண்ணும்? பெட்டிய முன்னால தள்ளுங்கடா! பதினஞ்சு வருசம் லாரி ஓட்டினவன்டா, எனக்குத் தெரியாதா? அந்தச் செயின மாட்டித் தொலைங்கடா!"

பழனிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இறங்கி வந்து செயினை மாட்டினான். கலைவாணியின் முகத்தைப் பார்க்காமலே, "நீங்க அஞ்சு பேரும் பஸ்ல வந்துடுங்க" என்றான்.

அன்பர்களே, உங்களை ஏற்றி அனுப்பும் வண்டியில் தான் ஏறப் பயப்படுகிறவன், கடவுளின் ஏஜெண்ட் இல்லை. அவனே தன் உயிருக்குச் செயின் கேட்கிறான். உங்கள் பெண்டாட்டி உயிருக்கு மட்டும் கயிறு போதுமா?