அம்பதடியாரின் கயிறும் போத்தலும்

எங்கள் ஊரில் எல்லா வீட்டுக் கக்கூசையும் அளந்து பார்த்த மனிதர் ஒருவரே ஒருவர்தான் இருந்தார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர், அவர் ஓவசியராக வேலை பார்த்த சுகாதாரக் கந்தோரின் வரவு இடாப்பில் இருந்திருக்கும். ஊருக்கு அவர் அம்பதடியார்.

கிணற்றுக்கும் கக்கூசுக்கும் நடுவில் ஐம்பது அடி இருக்க வேண்டும் என்பது கந்தோரின் சட்டம். மற்ற ஓவசியர்மார் அந்தச் சட்டத்தைக் கடுதாசியில் வைத்திருந்தார்கள். இவர் தோளில் வைத்திருந்தார். ஐம்பது அடி நீளத் தும்புக் கயிறு, பத்தடிக்கு ஒரு சிவப்புத் துணி முடிச்சு. சந்தைக்குப் போனாலும் அது தோளில் கிடக்கும். பள்ளிவாசலில் தொழும் நேரம் மட்டும் செருப்புக்குப் பக்கத்தில் சுருண்டு கிடக்கும்.

கல்முனைக்குடியின் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளில் ஐம்பது அடி நீளமான வளவு யாருக்கு இருந்தது? மகள்மாருக்குச் சீதனமாக வெட்டி வெட்டிக் கொடுத்து, மூன்று பெண் பெற்றவரின் வளவு மூன்று துண்டாகியிருக்கும். துண்டுக்கு ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு கக்கூஸ். ஆகவே அம்பதடியார் எங்கே அளந்தாலும் கயிறு அந்த வளவில் முடியாது. வேலியைத் தாண்டும். அடுத்த வீட்டுக் கோழிக்கூட்டைச் சுற்றும். ஒருநாள் அது ஒரு குசினிக்குள் போய், மீன் பொரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் காலடியில் முடிந்தது.

"அல்லாஹ்வே, பாம்பு!" என்று அவர் சட்டியோடு எழும்பினார்.

"பாம்பில்ல தங்கச்சி, சட்டம்!" என்று வேலிக்கு அப்பால் இருந்து குரல் வந்தது. "நீங்க நிக்கிற இடத்திலதான் அடுத்த ஊட்டுக் கக்கூசு கட்டோணும். கொஞ்சம் ஒதுங்குங்க, அடையாளம் வைக்க."

கலியாண வீட்டிலும் விடமாட்டார். சகன் என்ற பெரிய தட்டில் சோறு வைத்து ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்ததும், தண்ணீர்க் கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "இது எந்தக் கிணறு?" என்று கேட்பார். பதில் சரியில்லை என்றால் எழும்பிவிடுவார். மற்ற ஐந்து பேரும் கையைச் சோற்றில் வைத்தபடி காத்திருக்க வேண்டும். ஒரு வீட்டில் மாப்பிள்ளை ஊர்வலம் வாசலுக்கு வந்தபோது, வாசலுக்குக் குறுக்கே கயிறு கிடந்தது. "மாப்பிள வரமுன்ன கயிறு வந்திட்டு" என்று பெண்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அளவு தப்பிய கிணற்றுக் கட்டில் தாரால் ஒரு பெருக்கல் குறி போடுவார். கொதிக்க வைக்காமல் குடிக்காதே என்று அதற்கு அர்த்தம். ஊரில் குறியில்லாத கிணறு எது என்று தேடிப்பார்க்க வேண்டியிருந்தது. ஆனாலும் யாரும் கொதிக்க வைக்கவில்லை. அவர் மட்டும் வைத்தார். கொதித்த தண்ணீரை ஒரு போத்தலில் ஊற்றி ஆறவிட்டு இடுப்புப் பட்டியில் செருகிக்கொண்டு திரிவார். வேறு எந்த வீட்டிலும் ஒரு சொட்டுக் குடிக்கமாட்டார்.

அந்தப் போத்தல்தான் பிரச்சினை. அது சாராயப் போத்தல்.

முஸ்லிம் ஊரில், பட்டப்பகலில், அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் ஒழுங்கை முனையில் நின்று சாராயப் போத்தலை அண்ணாந்து குடித்தால் என்ன நடக்கும்? வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் நிர்வாகி மரைக்காயர் அவரைப் பிடித்து நிறுத்தினார். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்றோம்.

"என்ன ஓய் இது?"

"தண்ணி."

"குடிக்கிறவன் எல்லாரும் அப்பிடித்தான் செல்லுற."

"நீங்களே குடிச்சிப் பாருங்க."

"அஸ்தஃபிருல்லாஹ்! நானா?"

முதலில் மோந்து பார்த்தார். பிறகு விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தார். கடைசியில் ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தார். "என்ன ஓய், ஒரு ருசியுமில்ல? செத்த தண்ணி!"

"செத்த தண்ணியில்ல மரைக்காரே. அதுக்குள்ள கிடந்த பூச்சிதான் செத்த."

எதற்கு இந்தப் போத்தல் என்று கேட்டதற்கு, கொதித்த தண்ணீரைச் சுடச்சுட ஊற்றினாலும் வெடிக்காத கண்ணாடி அது ஒன்றுதான் என்றார். ரெஸ்ட் ஹவுஸின் பின்பக்கம் எறிந்து கிடந்ததை எடுத்து, மண் போட்டு ஏழு தரம் கழுவியதாகவும் சொன்னார். மரைக்காயர் தாடியைத் தடவித் தீர்ப்புச் சொன்னார்: "சரி, இந்தப் போத்தலுக்கு மன்னிப்பு. ஆனா இது உடைஞ்சாலும் துலைஞ்சாலும் இன்னொரு சாராயப் போத்தல் உங்கட கையில இரிக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க." அம்பதடியார் சத்தியம் பண்ணினார்.

இனி என் கிணற்றுக்கு வருகிறேன்.

எங்கள் ஒழுங்கையில் மற்றக் கிணறுகள் எல்லாம் சவர், வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். எங்களுடையது மட்டும் இளநீர் மாதிரி. மாலையானால் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். "மாஸ்டர்ர கிணத்துத் தண்ணியில தேத்தண்ணி போட்டா சீனி பாதி போதும்" என்பார்கள். எனக்கு அதில் பெருமை. அம்பதடியார் வந்து அளந்தார். மதிலுக்கு அப்பால் இருந்த பக்கத்து வீட்டுக் கக்கூஸ் பதினெட்டு அடி. எங்களுடையது முப்பத்தொரு அடி. தார்க்குறி விழுந்தது.

"நடுவில மதில் இரிக்கே" என்றேன்.

"மதில் மேலதான் இரிக்கி மாஸ்டர். மண்ணுக்குள்ள மதிலில்ல."

"இவ்வளவு இனிப்பான தண்ணி எப்பிடிக் கெட்டதா இரிக்கும்?"

"நோய்க்கு உப்புமில்ல, புளிப்புமில்ல மாஸ்டர்."

என் மனைவி கதீஜா அந்தக் குறியின்மேல் ஒரு பூச்சட்டியை வைத்து மறைத்தாள். அவர் மாதம் ஒருமுறை வந்து சட்டியை எடுத்துக் கீழே வைப்பார். அவர் தலை மறைந்ததும் இவள் தூக்கி மேலே வைப்பாள். இரண்டு வருஷம் அந்தப் பூச்சட்டி இப்படி ஏறி இறங்கியது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். நான் படித்தவன். பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடம் நடத்தியவன். 'தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பருக வேண்டும்' என்று கரும்பலகையில் அழகாக எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து வாளியில் வாய் வைத்துக் குடித்தவன்.

அந்த வருஷம் மாரி நிற்காமல் பெய்தது. கிணற்றுத் தண்ணீர் கைக்கு எட்டுகிற உயரத்துக்கு வந்தது. எங்கள் மகள் ஹபீபாவுக்கு அப்போது ஒன்பது வயது. முதலில் தலையிடி என்றாள். பிறகு காய்ச்சல். அது இறங்கவேயில்லை. வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் நெருப்புக் காய்ச்சல், டைபாய்ட் என்றார். அவர் கேட்ட இரண்டாவது கேள்வி, "தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள்?"

நான் நேரே மதிலடிக்குப் போனேன். பக்கத்து வீட்டுக்காரர் மீரா காக்கா, கரைவலைக்காரர், இருபது வருஷமாக எங்களுக்கு மீன் தந்தவர். அவரைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"ஒங்கட கக்கூசுதான் காக்கா என்ர புள்ளயப் படுக்கையில போட்ட! பதினெட்டு அடி! பதினெட்டு!"

"என்ர கக்கூசு வாப்பா காலத்தில கட்டின. அது இவ்வளவு நாளும் ஆரையும் ஒண்டும் செய்யல்ல! படிச்ச மனிசன் கதைக்கிற கதையா இது?"

ஒழுங்கை கூடிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கயிறு வந்தது, பின்னால் அம்பதடியார்.

"ரெண்டு பேரும் கதைக்காதீங்க. சாயம் கதைக்கட்டும்" என்றார்.

அவருடைய மனைவி மருதமுனையில் தறி வைத்திருந்தார். வீட்டுப் பின்புறம் நூலுக்குப் போடும் சாயப் பானைகள் இருந்தன. மறுநாள் அவர் இரண்டு பெரிய வாளிகளோடு வந்தார். ஒன்றில் நீலம், ஒன்றில் சிவப்பு. நீலத்தை மீரா காக்காவின் கக்கூஸ் குழிக்குள் ஊற்றினார். சிவப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார்.

"எங்கடத்துக்குள்ள என்னத்துக்கு? அது முப்பத்தொரு அடி" என்றேன்.

"அம்பதில்லையே மாஸ்டர்."

பிறகு காத்திருந்தோம். காலையும் மாலையும் ஒரு வெள்ளைக் கோப்பையில் தண்ணீர் அள்ளிப் பார்ப்பது. பந்தயம் கட்டுவது ஹராம் என்பதால் யாரும் கட்டவில்லை. ஆனால் ஒழுங்கை முழுக்க நீலக் கட்சி, சிவப்புக் கட்சி என்று பிரிந்து நின்றது. நீலம் வரவேண்டும் என்று துஆக் கேட்ட ஒரே ஆள் நான். என் பிள்ளை உள்ளே பிதற்றிக்கொண்டு கிடக்கும்போது, நான் கிணற்றடியில் நின்று அடுத்தவனுடைய குற்றத்துக்காகப் பிரார்த்தித்தேன். இதை எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

நாலாம் நாள் காலையில் கோப்பையில் வந்தது சர்பத் மாதிரி வெளிறிய சிவப்பு.

பின்னால் நின்ற ஒருவர், "தொழ முன்ன இதில கைகால் கழுவி ஒளு எடுக்கலாமா?" என்று கேட்டார். "நிறம் மாறினா ஏலாது" என்றார் இன்னொருவர். "ஒளுவுக்கு ஏலாத தண்ணிய இவ்வளவு நாளும் குடிச்சமே" என்று ஒரு பெண் முணுமுணுத்தார். நீலத்தின் சுவடே இல்லை; மண்ணுக்குள் தண்ணீர் எங்கள் கக்கூஸ் பக்கத்தில் இருந்துதான் கிணற்றுக்கு ஓடியிருக்கிறது. மீரா காக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். மூன்று நாளாக என்னோடு கத்தியவர் அவர். இப்போது கத்துவதற்கு அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

"மாஸ்டர்," என்றார், "புள்ளக்கி எப்பிடி?"

அம்பதடியாரும் 'நான் அப்பவே சொன்னேனே' என்று சொல்லவில்லை. கிணற்றுக்கட்டில் இருந்த பூச்சட்டியை எடுத்துக் கீழே வைத்தார். இந்த முறை யாரும் அதைத் திரும்பத் தூக்கவில்லை. கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் விடியற்காலை எங்கள் வாசல் படலையில் அந்தச் சாராயப் போத்தல் நின்றது. உள்ளே கொதித்து ஆறிய தண்ணீர். மாலையில் வந்து வெற்றுப் போத்தலை எடுத்துப் போவார். விடிந்தால் திரும்ப நிறைந்து நிற்கும். நாங்களும் கொதிக்க வைக்கலாம்தான். ஆனால் அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகு எங்கள் கையையே எங்களால் நம்ப முடியவில்லை. ஹபீபாவுக்கு அந்தத் தண்ணீர் மட்டும்தான் கொடுத்தோம். காய்ச்சல் மெல்ல இறங்கி, பிள்ளை எழும்பி உட்கார நாலு கிழமை ஆனது.

அந்த நாட்களில் ஊரில் இன்னொரு பகிடி ஓடியது. அம்பதடியார் திடீரென்று நோன்பு பிடிக்கத் தொடங்கிவிட்டார். ரமழான் இல்லை. கேட்டால், கடமையில்லாமல் விரும்பிப் பிடிக்கிற சுன்னத்தான நோன்பு என்பார். வெயில் எரிக்கிற நாளிலும் உலர்ந்த உதட்டோடு அளந்துகொண்டு திரிவார். "போத்தல் போய்ப் பக்தி வந்திட்டு" என்று சந்தியில் சிரித்தார்கள். நானும் கேட்டுச் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஹபீபா நடக்கத் தொடங்கியதும், போத்தலைத் திருப்பிக் கொடுக்க மருதமுனைக்குப் போனேன். அவர் அளக்கப் போயிருந்தார். அவர் மனைவி தறியில் இருந்தபடியே போத்தலைப் பார்த்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ், இனியாவது பகலைக்குத் தண்ணி குடிப்பார்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"இது ஒண்டுதானே அவருக்கிட்ட இரிந்த. இன்னொண்டு எடுக்கேலாது எண்டு பள்ளியில சத்தியம் பண்ணினவரெல்லோ. வேற ஊட்டுத் தண்ணியும் குடிக்கமாட்டார். 'சும்மா தாகத்தில கிடக்கிறதவிட நோன்பு எண்டு நிய்யத்து வெச்சா நன்மையாவது கிடைக்கும்' எண்டு நோன்பு பிடிச்சார்."

போத்தலைத் திரும்ப வாங்க அம்பதடியார் மறுத்துவிட்டார். "புள்ள வெளிய போனாக் குடுத்து உடுங்க மாஸ்டர்" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். மரைக்காயரிடம் நானே போய் விஷயத்தைச் சொல்லி, அவருக்கு இன்னொரு போத்தலுக்கு அனுமதி வாங்கினேன். அந்த ஒரு தரம் மட்டும் மரைக்காயர் எதுவும் விசாரிக்கவில்லை. பிறகு அம்பதடியார் கோமாரிப் பக்கம் மாற்றலாகிப் போனார். அங்கே வளவுகள் பெரிது. கயிறு வளவுக்குள்ளேயே முடிகிறது என்று கேள்விப்பட்டேன். அவருக்குப் பொழுது எப்படிப் போகிறதோ தெரியாது.

எங்கள் கிணற்றை நானும் மீரா காக்காவும் சேர்ந்து கடல் மணல் கொட்டி மூடினோம். பள்ளிவாசல் கிணற்றில் இருந்து தண்ணீர் சுமக்கிறோம். கதீஜா ஒளுச் செய்யும் தண்ணீரைக்கூடக் கொதிக்க வைக்கிறாள். என் நிலைமை அதைவிட மோசம். ஹபீபா எந்த வீட்டில் எந்தக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனாலும் என் கை தானாக நீண்டு தடுக்கிறது. பிள்ளைக்கு வெட்கம். எனக்கும் வெட்கம். ஆனால் கை கேட்பதில்லை.

எங்கள் வீட்டு அலுமாரித் தட்டில், மார்க்கக் கிதாபுகளுக்குக் கீழே, கொதித்து ஆறிய தண்ணீரோடு அந்தச் சாராயப் போத்தல் நிற்கிறது. வருகிறவர்கள் கண்டுவிட்டு, மாஸ்டர் வீட்டிலா என்று ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். நான் விளக்கம் சொல்வதில்லை. ஹபீபாதான் போய் அதை எடுத்து, மூடியைத் திறந்து, எல்லாரும் பார்க்க ஒரு மிடறு குடிக்கிறாள். அப்போது மட்டும் என் கை நீளுவதில்லை.